30 வருடம் கழித்துப் பார்த்த படம்

(நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடந்த திரைப்பட மாலையில், படம் தொடங்கும் முன் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்து வடிவில்.)



செயலாளர் எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. திரை தெளிவாகத் தெரிய எப்படியும் ஏழு மணி ஆகும். மிளகாய் பஜ்ஜியும் அதற்குள் வந்துவிடும் என்று மகளிர் அணியில் உறுதி சொல்லியிருக்கிறார்கள்.

இன்று நாம் பார்க்கப் போவது ‘குருதிப்புனல்’. 1995 தீபாவளிக்கு வந்த படம். கமல்ஹாசனும் அர்ஜுனும் நடித்தது. இங்கே இருப்பவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் அப்போதே பார்த்திருப்பீர்கள். எனக்கு 63 வயது. நான் அதை முதன்முதலாகப் பார்த்தது மூன்று வாரத்துக்கு முன்னால். ஏன் இத்தனை வருடம் பார்க்கவில்லை, இப்போது பார்த்த பிறகு என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கடைசியில் நம் சங்கத்து விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் நானாகக் கேட்டு இந்த மைக்கை வாங்கினேன்.

முதலில் படத்தைப் பற்றி.

இந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு வகைப் பெயர் இருக்கிறது. மேல் மாடித் தம்பி சொன்னார்: ‘பட்டி காப்’ படம். அதாவது இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து ஒரு வழக்கைப் பார்ப்பார்கள். இருவருக்கும் குணம் ஒத்துப்போகாது, அல்லது ஒத்துப்போகும். எப்படியிருந்தாலும் ஒருவரை நம்பித்தான் மற்றவர் உயிர் இருக்கும். சாயங்காலம் கீழே கார் நிறுத்தும் இடத்தில் குழந்தைகளுக்கு ‘ஜூடோபியா’ போட்டோமே, 2016இல் வந்த அந்தக் கார்ட்டூன் படமும் இதே வகைதான். முயல் போலீஸ், நரி திருடன். ஒன்றையொன்று நம்பலாமா கூடாதா என்பதுதான் கதையே.

இதன் வேரைத் தேடிப் போனால் ஜப்பானுக்குப் போக வேண்டும். 1949இல் அகிரா குரோசாவா ‘ஸ்ட்ரே டாக்’ என்று ஒரு படம் எடுத்தார். தெருநாய் என்று பொருள். டோக்கியோவில் கடும் வெயில் காலம். கூட்ட நெரிசலான பஸ்ஸில் ஒரு இளம் துப்பறிவாளரின் துப்பாக்கியை யாரோ அடித்துவிடுகிறார்கள். அதைத் தேட அவருக்குத் துணையாக வயதான ஒரு போலீஸ்காரர் வருகிறார். படம் முழுக்க எல்லோரும் வியர்வை துடைத்துக்கொண்டும் விசிறிக்கொண்டும் இருப்பார்கள். சித்திரை மாதத்தில் வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது நன்றாகப் புரியும். அந்தப் படத்தில் ஒரு விஷயம். போரிலிருந்து திரும்பி வந்தபோது அந்த இளம் போலீஸ்காரரின் மூட்டை திருடு போகிறது. அவர் தேடுகிற குற்றவாளிக்கும் அதேபோல்தான் நடந்திருக்கிறது. ஒரே அடி இரண்டு பேருக்கும். ஒருவர் போலீஸில் சேர்ந்தார், மற்றவர் துப்பாக்கியைத் தூக்கினார்.

1967இல் அமெரிக்காவில் ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ வந்தது. வடக்கேயிருந்து வந்த கறுப்பினத் துப்பறிவாளரும் தெற்கே ஒரு சின்ன ஊரின் வெள்ளைக்காரப் போலீஸ் தலைவரும் ஒரு கொலை வழக்கில் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய கட்டாயம். சிட்னி பாய்ட்டியரும் ராட் ஸ்டைகரும் நடித்தது. சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கியது. பிறகு 1987இல் ‘லெத்தல் வெப்பன்’. மெல் கிப்சன், டேனி குளோவர். அதைப் பற்றிப் பிறகு ஒன்று சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தமிழில் போலீஸ் படத்துக்குப் பஞ்சமே இல்லை. 1974இல் சிவாஜியின் ‘தங்கப்பதக்கம்’, 1982இல் ரஜினியின் ‘மூன்று முகம்’, 1993இல் சத்யராஜின் ‘வால்டர் வெற்றிவேல்’. விஜயகாந்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். 2006இல் விருத்தாசலத்தில் நின்று ஜெயித்தவர்; 2010இல் அவரே இயக்கி நடித்த போலீஸ் படத்துக்கு ‘விருதகிரி’ என்று நம் பக்கத்துப் பேரையே வைத்தார். ஆனால் இந்தப் படங்களிலெல்லாம் போலீஸ் என்றால் ஒரே ஆள்தான். கூட வருகிறவர் ஒன்று சிரிக்க வைப்பார், இல்லையென்றால் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவார். சமமான இரண்டு பேரை வைத்துக் கதை சொன்னது நம்மிடம் குறைவு.

‘குருதிப்புனல்’ அப்படிச் சொன்ன படம். ஆதி நாராயணன், அப்பாஸ் என்று இரண்டு அதிகாரிகள். நண்பர்கள். தீவிரவாதக் குழு ஒன்றைப் பிடிக்க ரகசியமாகத் திட்டம் போட்டு, தங்கள் ஆட்களையே அந்தக் குழுவுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். கோவிந்த் நிஹலானி 1994இல் இந்தியில் எடுத்த ‘துரோக்கால்’ படத்தின் தமிழ் வடிவம் இது. திரைக்கதை கமல். இயக்கமும் ஒளிப்பதிவும் பி.சி. ஸ்ரீராம். ‘நாயகன்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போன படமும் இதுதான். டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலி அமைப்பில் வந்த முதல் இந்தியப் படம் என்றும் சொல்வார்கள். அதனால்தான் நம் தம்பிகள் இரண்டு பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியிருக்கிறார்கள்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். இதே பெயரில் இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாவல் ஒன்று உண்டு. அது கீழவெண்மணிச் சம்பவத்தை வைத்து எழுதப்பட்டு, 1977இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. அந்தக் கதை வேறு, இந்தப் படம் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

இனி நான் பார்த்த கதைக்கு வருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. நல்ல மழை. எதிர் வீட்டு ஏட்டையா கதவைத் தட்டினார். அவர் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். பேரன் டிவியில் படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டானாம், தனியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை, வாங்க என்றார். என்ன படம் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். தலைவலி என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை.

உட்கார்ந்து பார்த்தேன். முதலில் நான் கவனித்தது, பாட்டே இல்லை. அரை மணி ஆகியும் ஒருவரும் ஊட்டிக்குப் போகவில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், யோசிக்கிறார்கள். இருவருக்கும் வீடு இருக்கிறது, மனைவி, குழந்தை இருக்கிறார்கள். ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் மீதியைப் புரிந்துகொள்கிறார்.

ஏட்டையா நடுவில் பேசிக்கொண்டே இருந்தார். “இவங்கள்லாம் பெரிய ஆபீசருங்க சார். எங்க ஜோடி வேற மாதிரி” என்றார். “கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம், ரெண்டு பேரு. வழியில பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் டீ குடிப்பான். அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தன் கண்ணு கைதி மேலயே இருக்கணும். கைதி ஓடிட்டான்னா ரெண்டு பேரு வேலையும் போச்சு. இவன் பார்த்துப்பான்னு நம்பித்தான் அவன் நிம்மதியா டீ குடிக்கிறான். ஜோடின்னா அவ்வளவுதான் சார்.”

சினிமாக்காரர்கள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு சொல்வதை அவர் ஒரு டீயில் சொல்லிவிட்டார்.

பிறகு அந்த இடம் வந்தது. குழுவின் தலைவன் பத்ரி, நாசர் நடித்தது, போலீஸ் கையில் சிக்கியிருக்கிறான். ஆதி அவனை விசாரிக்கிறார். அடிதடி ஒரு பக்கம் இருக்கட்டும். பத்ரி மெதுவாகத்தான் பேசுகிறான். ஆதியின் குடும்பத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எந்த மனிதனுக்கும் உடைந்துபோகிற ஒரு இடம் உண்டு என்பது அவன் கணக்கு. ஆதிக்கு அந்த இடம் எது என்று அவனுக்குத் தெரியும். நாற்காலியில் கட்டுண்டு இருப்பவன் பத்ரி. ஆனால் கொஞ்ச நேரத்தில் யார் யாரை விசாரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

ஆதி நேர்மையானவர், தைரியசாலி. அவர் உடைகிறார். உடைந்ததை நண்பன் அப்பாஸிடம் சொல்லாமல் மறைக்கிறார். அதற்கு மேல் நான் கதை சொல்ல மாட்டேன், இன்று பாருங்கள்.

அந்த இடத்தில் நான் எழுந்து, “ஏட்டையா, கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். தண்ணீர் குடிக்கப் போவது போல் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

காரணம் இதுதான்.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் வேலையில் 34 வருடம் இருந்தவன். எந்த இடம் என்பது வேண்டாம். களிமண் கரைப்பதில் ஆரம்பித்து, அச்சில் ஊற்றுவது, கிளேஸ் போடுவது என்று எல்லாம் பார்த்து, கடைசியில் சூளைக்கு வந்தேன். சூளையில் தனியாக ஒருவர் வேலை பார்க்க முடியாது. ஷிஃப்டுக்கு இரண்டு பேர். என்னோடு இருந்தவனை நான் ‘கூட்டாளி’ என்று கூப்பிடுவேன், அவனும் என்னை அப்படியே கூப்பிடுவான். பேர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை. இப்போதும் அப்படியே சொல்கிறேன்.

வேலை முடிந்தால் சினிமா. எந்தப் படமாக இருந்தாலும் சேர்ந்துதான். ஒரு முறை அவன் டிக்கெட் எடுப்பான், ஒரு முறை நான்.

1995 தீபாவளி முடிந்த சமயம். கார்த்திகைக்கு அகல் விளக்கு, கூடவே ஊறுகாய் ஜாடி, பெரிய ஆர்டர். சூளை 1,200 டிகிரிக்கு மேல் போய்விட்டு ஆறிக்கொண்டிருந்தது. இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பீங்கானைச் சுடுவதைவிட ஆற வைப்பதில்தான் பொறுமை வேண்டும். அது தன் போக்கில் ஆற வேண்டும். சூடு இருக்கும்போது கதவைத் திறந்து வெளிக்காற்றை விட்டால், சாமான் ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் சுருங்காமல் விரிசல் விட்டுவிடும். சத்தமே கேட்கும். டிங், டிங் என்று யாரோ கிண்ணத்தைத் தட்டுவது போல.

லாரி வந்து நிற்கிறது, திற என்று மேலேயிருந்து உத்தரவு. கூட்டாளி முடியாது என்றான். இன்னும் அரை நாள் வேண்டும் என்று சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுபடி உத்தரவு வந்தது, திறந்தோம். இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்தோம். டிங், டிங் என்று ஆரம்பித்தது. முக்கால்வாசிச் சரக்கு போயிற்று.

மறுநாள் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார்கள். யாரும் கத்தவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். மேஜை மேல் ஒரு காகிதம். கூட்டாளி தன் இஷ்டத்துக்குச் சூளையைத் திறந்தான், நான் தடுத்தும் கேட்கவில்லை என்று தட்டச்சு செய்திருந்தது. “ஒருத்தர் வேலைதான் போகணும்னு பார்க்கறோம், ரெண்டு பேரோடது போகணுமா?” என்று கேட்டார்கள். “வீட்டுல மாசமா இருக்காங்க இல்ல?” என்றும் கேட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள்.

கையெழுத்துப் போட்டேன்.

அன்று இரவு அவன் வீட்டுக்குச் சைக்கிளில் போயிருந்தால் பத்து நிமிடம். போய், “இப்படி ஆயிடுச்சுடா கூட்டாளி, நான் பயந்து போட்டுட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டிருக்கலாம். ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். ஆனாலும் சேர்ந்து போயிருக்கலாம்.

நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்னி ‘குருதிப்புனல்’ போவதாக முன்னாலேயே பேசி வைத்திருந்தோம். அந்த முறை டிக்கெட் அவன் எடுக்க வேண்டிய முறை. அதற்கும் நான் போகவில்லை. திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. அதன் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. அந்தப் படத்தையும் பார்க்கவில்லை. டிவியில் போட்டால் சேனலை மாற்றிவிடுவேன். என் மனைவிக்குக்கூடக் காரணம் தெரியாது. இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறார். போன வாரம்தான் சொன்னேன்.

அடுப்படியிலிருந்து திரும்பி வந்து மீதிப் படத்தைப் பார்த்தேன். ஆதி ஒவ்வொரு முறை அப்பாஸின் முகத்தைப் பார்க்கும்போதும், இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வெறும் சினிமாதான். கேட்கப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் சொன்னேன்.

‘லெத்தல் வெப்பன்’ பற்றிச் சொல்கிறேன் என்றேனே. குருதிப்புனல் பார்த்த மறு வாரம் மேல் மாடித் தம்பி அதையும் எனக்குப் போட்டுக் காட்டினார். அதில் ஒரு போலீஸ்காரர் மனைவியைப் பறிகொடுத்தவர். வாழப் பிடிக்கவில்லை. தனக்கென்றே ஒரு தோட்டாவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். கூட வேலை பார்ப்பவர் 50 வயதானவர், குடும்பஸ்தர். முதலில் இந்த ஆளைக் கண்டாலே அவருக்குப் பயம். படத்தின் முடிவில் கிறிஸ்துமஸ் அன்று இவர் அவர் வீட்டுக்குப் போய், அந்தத் தோட்டாவைப் பரிசு போலக் கொடுத்துவிடுகிறார். இனி இது எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். படம் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம், கார் மோதல். எனக்கு அந்தத் தோட்டா ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. தான் உடையும் இடத்தை நண்பனிடம் கொடுத்தவன் பிழைக்கிறான். மறைத்தவன் கதை இன்று இரவு திரையில் இருக்கிறது.

இரண்டு படமும் சேர்ந்து எனக்குச் சொன்னது இதுதான்: நல்லவன், கெட்டவன் என்பதெல்லாம் அப்புறம். எல்லோரும் உடைவோம். தனி அறையில், தனி நாற்காலியில் உட்கார வைத்தால் சீக்கிரம் உடைவோம். அதனால்தான் போலீஸ்காரர்களை இரண்டு பேராக அனுப்புகிறார்கள்.

பிறகு கூட்டாளியைத் தேடினேன். பழைய ஆட்கள் நாலைந்து பேருக்குப் போன் போட்டதில், பண்ருட்டிப் பக்கம் பலாப்பழ மண்டி ஒன்றில் கணக்குப் பார்க்கிறான் என்று தெரிந்தது. போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

நான் வழியெல்லாம் என்னென்னவோ பேசத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது வேறு. “குருதிப்புனல் பார்த்தேன்டா” என்றேன்.

“இப்பவா?” என்றான்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே சொன்னான். அன்றைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தானாம். பெயர் போடும் வரை வாசலிலேயே நின்றானாம். பக்கத்து சீட்டு கடைசி வரை காலியாகவே இருந்ததாம்.

“நான் கையெழுத்துப் போட்டது உனக்குத் திங்கட்கிழமைதானே தெரியும்?” என்று கேட்டேன்.

“சனிக்கிழமையே காட்டிட்டாங்க” என்றான். “நீ வந்து சொல்லுவேன்னுதான் ரெண்டு டிக்கெட் எடுத்தேன்.”

அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த வருடம் அவன் பட்ட கஷ்டத்தைக் கொஞ்சம் சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன். பிறகு பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னான். கிளம்பும்போது, “அடுத்த தடவை வீட்டுக்கு வா” என்றான். போவேன்.

இனி சங்கத்து விஷயம்.

போன மாதம் ஜெனரேட்டர் டீசல் 40 லிட்டர் குறைகிறது என்று செயற்குழுவில் பேச்சு வந்தது உங்களுக்குத் தெரியும். இரவு வாட்ச்மேன் மேல் சந்தேகம். பகல் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நான் பார்த்தேன் என்று எழுதி வாங்கிவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்று முடிவாயிற்று. அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். அலுவலக அனுபவம் இருக்கிறது என்று என்னிடம் கொடுத்தார்கள். அழகாக எழுதினேன். பகல் வாட்ச்மேனைச் சங்க அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அதையும் அக்கறையாக விசாரித்தேன். யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். இது நடந்தது வெள்ளிக்கிழமை, ஆட்டுச்சந்தை நாள். மறுநாள் சனிக்கிழமைதான் ஏட்டையா என் கதவைத் தட்டியது.

30 வருடத்துக்கு முன்னால் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். அது எனக்கு அந்த அறையில் தோன்றவில்லை. படம் பார்க்கும்போதுதான் தோன்றியது.

அந்தக் கடிதம் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. கையெழுத்து வாங்கவில்லை. இங்கே கிழித்துப் போட்டு நாடகம் ஆட மாட்டேன். அது சங்கத்துக் காகிதம், செயலாளரிடம் திருப்பிக் கொடுக்கிறேன். என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, இரண்டு வாட்ச்மேன்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவோம். தனித்தனியாக வேண்டாம். ஒருவர் சொல்வதை மற்றவர் எதிரிலேயே கேட்கட்டும்.

இரண்டு, அதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். ஜெனரேட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருக்கிறது. டீசல் வாங்கிய ரசீதுகள் இருக்கின்றன. மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்று இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கும். போன மாதம் மின்வெட்டு அதிகம். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்காமல், குறைகிறது என்று நாம் எப்படிச் சொன்னோம்? நானும்தான் சொன்னேன்.

மூன்று, உண்மையிலேயே யாராவது எடுத்திருந்தால், தண்டிப்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். ஆனால் ஒருவர் வேலையைக் காட்டி இன்னொருவரைப் பயமுறுத்தி வாங்கும் கையெழுத்து நமக்கு வேண்டாம். டீசல் விலை எனக்கும் தெரியும். 40 லிட்டரை நாம் 24 வீடும் பங்கு போட்டுக்கொண்டால் வீட்டுக்கு இரண்டு லிட்டர்கூட வராது. அந்த இரண்டு பேரும் இதே கேட்டில் இன்னும் பத்து வருடம் ஒருவரை ஒருவர் நம்பி ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களை நம்பித்தான் நாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறோம்.

பகல் வாட்ச்மேனிடம் அந்த வெள்ளிக்கிழமைக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இன்று இருவரையும் படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். கேட்டை ஏட்டையாவும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். நான் பார்த்த படம்தானே. அவர்கள் இருவரும் அதோ கடைசி வரிசையில் இருக்கிறார்கள். பஜ்ஜி முதலில் அங்கே போகட்டும்.

இரண்டு அறிவிப்பு. படத்தில் வன்முறை அதிகம். சிறு பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிடுங்கள். படம் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், இடைவேளையில் டீ உண்டு. அடுத்த காலாண்டில் அந்த ஜப்பான் படத்தைப் போடலாம் என்று தம்பிகள் சொல்கிறார்கள். அது வெயில் படம், அதற்கு ஏற்ற மாதம்தான். நான் ஒரு விருந்தாளியை அழைத்து வருவேன். பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். வந்தால் அவருக்கும் சேர்த்து ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அடுத்த டிக்கெட் என் முறை.

விளக்கை அணைக்கலாம்.